தபால் நிறுத்தம்

ஜனவரி எட்டாம் தேதி மழை பெய்தது.
டுலூத்தில் ஜனவரியில் மழை பெய்யக் கூடாது.
பெய்தது. இரவே உறைந்தது.
அதன்மேல் பொடிப்பனி, அதன்மேல் அரைநாள் வெயில்,
கூரைக்குழாய் கக்கிய நீர்,
மறுபடியும் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
வாசற்படியிலிருந்து தெருவரை
பதினான்கு தப்படி நடைபாதை
ஒரே பாளமாய்க் கிடந்தது.
சமதளமும் இல்லை.
எங்கள் தெரு ஏரியைப் பார்த்துச் சரிகிறது.
இங்கே கைதவறிய ஆரஞ்சு
சுப்பீரியர் ஏரியில் போய்த்தான் நிற்கும்.

முதல் நாள் உப்புப் போட்டேன்.
அந்தக் குளிரில் உப்பு வெறும் கல்.
உப்பிட்டவளை அது
ஒரு மணிநேரம்கூட நினைக்கவில்லை.
இரண்டாம் நாள் ஒன்றும் போடவில்லை.
மூன்றாம் நாளும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
அத்தை மகள் வெர்னா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்:
"லேலண்ட் உனக்குக் கடிதம் எழுதுகிறான், ஆர்டிஸ்.
கையால். நாலு பக்கம் ஆகிவிட்டதாம்."
பதினோரு வருடம்.
அப்பாவின் சவப்பெட்டிக்கு
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன்.
பிறகு பேச்சில்லை.

வியாழக்கிழமை மார்னி கெட்டுனென்
தபால் பையோடு வேலிக்கு வெளியே நின்று
காலணி முள்ளால் பாளத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.
இரண்டு வருடம் முன்பு வேறொரு வாசலில்
இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவள்.
மூன்றாவது தட்டுத் தட்டவில்லை.
கம்பத்தில் ஒரு மஞ்சள் சீட்டைச் செருகிவிட்டுப் போனாள்:
பாதை சரியாகும்வரை தபால் நிறுத்தம்.

சன்னலருகே நின்று சிரித்தேன் என்றுதான் நினைவு.
இதைவிட நல்ல காவல்நாய் உண்டா?
குரைப்பதில்லை. தின்பதில்லை.

ஒன்பது நாள்.
அந்தக் கடிதத்தை ஒன்பது நாளும் நானே எழுதினேன்.
படகுக் கொட்டகையில் பாதி கேட்டு,
மன்னிப்புக் கேட்டு,
கடன் கேட்டு;
ஒரு விடியற்காலை
சிறுநீரகம் கேட்டுக்கூட.

பத்தாம் நாள்தான் கவனித்தேன்.
என் வாசலைக் குறுக்கே கடந்து
ஹௌக்லண்ட் வீட்டுக்குப் போகிறவள்
இப்போது முழுத் தெருவையும் சுற்றிக்கொண்டு போகிறாள்.
முழங்கால் பனியில்,
இடது காலை ஒரு பையைப்போல இழுத்துக்கொண்டு.
என் வீட்டுப் பக்கம் அவள் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

அன்று மாலை அடுப்புச் சாம்பலைப் பாளத்தின்மேல் கொட்டினேன்.
காலையில் குளிர் தளர்ந்திருந்தது.
கறுத்த இடமெல்லாம் வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தது.

கடப்பாரையை நடுவில் ஓங்கினால்
ஒரு வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும்,
அப்புறம் தோள்வலி.
ஓரத்தில் தொடங்க வேண்டும்.
அடிக்கக் கூடாது, காது கொடுக்க வேண்டும்.
'ணங்' என்றால் இன்னும் தரையைப் பிடித்திருக்கிறது.
'டொக்' என்றால் அடியில் ஈரம் ஓடிவிட்டது;
நுனியை நுழைத்து, மெதுவாக நெம்பு.

மதியம் முதல் பாளம் எழுந்தது.
மேசைப்பலகை அகலம், ஏழு அங்குலக் கனம்.
அதன் வயிற்றில் ஒரு மேப்பிள் இலை,
ஒரு துணிக்கவ்வி,
நான் முதல் நாள் போட்ட உப்பு
கரையாமல், அப்படியே.
இருட்டுவதற்குள் பதினான்கு தப்படியும் சிமெண்டு தெரிந்தது.
இரண்டு இடத்தில் சிமெண்டும் பெயர்ந்தது.
மஞ்சள் சீட்டை நானே பிடுங்கினேன்.

சனிக்கிழமை மார்னி வந்தாள்.
ஒவ்வொரு அடியையும் நம்பாமல் வைத்தாள்.
பத்து நாள் தபாலை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தாள்:
மின்சாரக் கட்டணம்,
பல்வைத்தியரின் நினைவூட்டல் அட்டை,
தக்காளி சிரிக்கும் விதைப் பட்டியல்.

"அவ்வளவுதானா?" என்றேன்.
"அவ்வளவுதான்" என்றாள்.
பெயர்ந்த சிமெண்டைக் குனிந்து பார்த்து,
"கோடையில் பூசிவிடுங்கள்" என்றாள்.
ஹௌக்லண்ட் வீட்டுக்குக் குறுக்கே போனாள்.

மறுநாள் ஞாயிறு. தபால் கிடையாது.
தெரிந்தும் வாளியை எடுத்துக்கொண்டு
விடிவதற்குள் வெளியே வந்து
மணல் தூவினேன்,
படியிலிருந்து தெருவரை.